பூண்டுக் கம்மலும் சாம்பிராணித் தட்டும்

கேள்வி: "கொரோனா ஊரடங்கு நேரத்தில் ஆன்லைனில் ஏகப்பட்ட கலை முயற்சிகள் நடந்தன. அவை வேறு வேறு நாட்டு, வேறு வேறு பண்பாட்டு மக்களை உண்மையிலேயே இணைத்தனவா? இல்லை, அவரவர் வீட்டில் உட்கார்ந்து பொழுதைப் போக்கியதோடு சரியா? கல்லூரியில் இதைப் பற்றிப் பேச வேண்டும். நல்ல உதாரணம் ஒன்று சொல்ல முடியுமா?"

இணைத்தன என்றுதான் சொல்வேன். ஆனால் எல்லா முயற்சியும் இல்லை, எல்லாரையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவன் நான். அந்த இரண்டு வருடமும் என் கண் இந்தப் பக்கமே இருந்தது. மனதில் நின்ற ஒன்றை எடுத்து விரிவாகச் சொல்கிறேன், மற்றவற்றை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எது இணைக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் உலகம் முழுக்க மியூசியங்களும் அரங்குகளும் கதவைச் சாத்தியபோது, உள்ளே இருப்பதை அப்படியே திரையில் காட்டுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றியது. நியூயார்க்கின் இசை நாடக அரங்கான மெட்ரோபாலிட்டன் ஓபரா தினமும் இரவு ஒரு பழைய பதிவை இலவசமாக ஒளிபரப்பியது. பெரிய மியூசியங்களின் கூடங்களுக்குள் மவுஸைப் பிடித்துக்கொண்டே நடந்து வர முடிந்தது. அதே வருடம் மார்கழியில் சென்னை மியூசிக் அகாடமியும் கச்சேரிகளை ஆன்லைனுக்குக் கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். நானும் கேட்டேன். ஆனால் அந்தக் கச்சேரிகள் ஏற்கெனவே அந்த இசையில் ஊறியவர்களைத்தான் ஊர் கடந்து ஒன்றாக உட்காரவைத்தன. முன்பின் தெரியாத இரண்டு பண்பாட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்க அங்கே வழி இல்லை. பார்த்தோம், ரசித்தோம், போனை மூடிவைத்தோம்.

அதே மார்ச் மாதம் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெண், தன் வீட்டில் கூட இருந்தவர்களோடு சேர்ந்து ஒரு விளையாட்டைத் தொடங்கினார். டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த 'முத்துக் கம்மல் அணிந்த பெண்' ஓவியத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். நீலத் தலைப்பாகை கட்டி, தோளுக்கு மேலாகத் திரும்பி நம்மைப் பார்க்கும் பெண். அவளைப் போல வேடம் போட, தலையில் ஒரு துண்டு, காதோரம் முத்துக்குப் பதிலாக ஒரு பூண்டு, அவ்வளவுதான். இதற்கென்று இன்ஸ்டாகிராமில் 'கலைக்கும் தனிமைப்படுத்தலுக்கும் நடுவே' என்று பொருள்படும் டச்சுப் பெயரில் ஒரு கணக்கும் திறந்தார். விதி மிகச் சின்னது. ஓர் ஓவியத்தை எடுத்துக்கொள், வீட்டில் கிடக்கிற மூன்று பொருளை வைத்து அதை நடித்துக் காட்டு, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடு.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் இதைக் கையில் எடுத்தது. மார்ச் 25 அன்று லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கெட்டி மியூசியம் ட்விட்டரில் ஊருக்கெல்லாம் அழைப்பு விடுத்தது. நம் நாட்டில் ஊரடங்கு தொடங்கிய தேதியும் அதேதான். அப்புறம் படங்கள் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டின. டாய்லெட் பேப்பர் ராணிகளின் கழுத்துப்பட்டியானது, நாய்கள் பிரபுக்களாயின, குளியலறை ஷவர் திரை தேவதைகளின் அங்கியானது.

இது எப்படி இவ்வளவு வேகமாகப் பரவியது என்று கேட்டால், பலரும் கவனிக்காத ஒரு காரணம் உண்டு. ரைக்ஸ்மியூசியம் 2012 முதலும் கெட்டி 2013 முதலும், காப்புரிமைக் காலம் முடிந்த தங்கள் ஓவியங்களின் தெளிவான பெரிய படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டிருந்தன. அனுமதிக் கடிதமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். தொற்றுக்கு ஏழெட்டு வருடம் முன்பே செய்துவைத்த அந்த வேலை இல்லாமல் இருந்திருந்தால் இந்த விளையாட்டு ஒரு வீட்டுக்குள் தொடங்கி அங்கேயே முடிந்திருக்கும். கல்லூரியில் பேசும்போது இதை விட்டுவிடாதீர்கள். ஆன்லைன் கலை என்றால் எல்லாரும் இன்ஸ்டாகிராமைத்தான் சொல்வார்கள். அதற்குப் பின்னால் உட்கார்ந்து லட்சக்கணக்கான படங்களை ஸ்கேன் செய்த மியூசியம் ஊழியர்களை யாரும் சொல்வதில்லை.

சரி, இது எங்கள் வீட்டுக்கு வந்த கதைக்கு வருகிறேன். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர். நாங்கள் கீழே, அக்கா குடும்பம் மாடியில். அக்கா மகள் அப்போது எட்டாவது. ஏப்ரல் மாதம் ஒரு நாள், ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கும் இன்னொரு வெர்மீர் ஓவியத்தை அவளிடம் காட்டினேன். ஒரு சமையற்காரப் பெண் குடுவையிலிருந்து மண்சட்டிக்குப் பால் ஊற்றுகிறாள். 1660 வாக்கில் வரைந்தது. சின்னப் படம்தான், நீள அகலம் இரண்டும் அரை மீட்டருக்குள் அடங்கிவிடும். மஞ்சள் மேல்சட்டை, நீல ஏப்ரன், மேசையில் ரொட்டி, இடப்பக்கம் ஜன்னல் வெளிச்சம்.

எங்கள் அடுக்களையிலும் ஜன்னல் இடப்பக்கம்தான். மஞ்சள் சுடிதார் கிடைத்தது. அவள் அப்பாவின் நீலக் கைலியை மடித்து இடுப்பில் செருகினாள். தலைக்கு வெள்ளை ஈரிழைத் துண்டு. அந்த வாரம் ரொட்டிக்கு எங்கே போவது, சொளகில் இட்லியை அடுக்கினோம். குடுவைக்குத் தூக்குவாளி. பாலை வீணாக்கக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினோம். படத்தில் பார்க்க நிஜமாகவே பால் மாதிரி இருந்தது.

அவள் நிற்க வேண்டிய இடத்தைச் சரிபார்க்க ஓவியத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் சுவரைக் கவனித்தாள். வெள்ளைச் சுவரில் ஓர் ஆணி, அதன் நிழல், ஆணி பிடுங்கிய ஓட்டைகள். "நம்ம வீட்டுச் சுவர் மாதிரியே இருக்கு மாமா" என்றாள். அந்த ஓவியத்தை நான் முப்பது தடவையாவது பாடம் எடுத்திருப்பேன். அந்த ஆணி ஓட்டைகளைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அப்புறம் வலது மூலையில், தரையில் இருக்கும் ஒரு மரப்பெட்டியைக் காட்டி, அது என்ன என்று கேட்டாள். மேலே ஓட்டை போட்ட பெட்டி, உள்ளே ஒரு மண்கிண்ணம். அதில் தணல் போட்டு, குளிருக்குக் காலை மேலே வைத்துக்கொள்வார்கள். "அப்ப அந்த அக்கா குளிர்ல நின்னுதான் சமைச்சிருக்காங்க" என்றாள். பெட்டிக்கு நம் வீட்டில் என்ன வைப்பது? தணல் போடுகிற பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பூஜை அறையிலிருந்து சாம்பிராணித் தட்டை எடுத்து வந்து கால் பக்கத்தில் வைத்தாள்.

படத்தை என் கணக்கில் அந்த விளையாட்டின் ஹேஷ்டேக்கோடு போட்டேன். முகம் குனிந்துதான் இருந்தது, அதனால் அக்காவும் சம்மதித்தாள். நாலைந்து நாள் கழித்து நெதர்லாந்திலிருந்து வயதான ஒரு பெண்மணி எழுதியிருந்தார். படம் அழகு என்று ஒரு வரி, மற்றதெல்லாம் கேள்வி. தரையில் இருக்கும் அந்தக் கைப்பிடி வைத்த பாத்திரம் என்ன? கால் சூடாக்கவா? உங்கள் ஊரில் குளிருமா? அக்கா மகள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் பதில் எழுதினேன். இங்கே குளிர் இல்லை, குழந்தையைக் குளிப்பாட்டிய பிறகு இதில் தணல் போட்டு, சாம்பிராணி தூவி, தலையைப் புகையில் காட்டுவார்கள், அதன் மேல் கூடையைக் கவிழ்த்துப் பிள்ளைத் துணியைக் காயப்போடுவார்கள் என்று. அவர் தன் பாட்டியைப் பற்றி எழுதினார். பாட்டி குளிர்காலத்தில் அந்த மரப்பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு தேவாலயத்துக்குப் போவாராம். அதன் பெயர் 'ஸ்டோஃப்' என்றும் சொல்லிக்கொடுத்தார். இப்படியே இரண்டு மூன்று வாரம் போயிற்று.

உங்கள் கேள்விக்கு நான் தரும் பதில் இந்த அடுக்களையில்தான் இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட, பார்த்தவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். மூன்று பொருள் என்ற அந்தச் சின்ன விதி ஒவ்வொருவரையும் தன் வீட்டுக்குள் போய்த் தேடவைத்தது. ஓவியம் எல்லாருக்கும் பொது, பொருள் அவரவருடையது. பொதுவான ஒன்று இருந்ததால் பேச்சைத் தொடங்க முடிந்தது, அவரவர் வீட்டுப் பொருள் வேறாக இருந்ததால் கேட்பதற்கு விஷயம் கிடைத்தது.

ரஷ்ய மொழியிலும் இதே விளையாட்டு தனியாகக் கிளம்பியது. மார்ச் மாதக் கடைசியில் மாஸ்கோக்காரர் ஒருவர் ஃபேஸ்புக்கில் ஒரு குழு தொடங்கினார். பெயர் 'இசோஇசொல்யாட்சியா'. ரஷ்ய மொழியில் 'இசோ' என்றால் ஓவியம், சிற்பம் போன்ற காட்சிக் கலை, 'இசொல்யாட்சியா' என்றால் தனிமை. இரண்டையும் ஒட்டவைத்த பெயர். வீட்டில் இருப்பதை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும், போட்டோஷாப் கூடாது. கொஞ்ச நாளிலேயே உறுப்பினர்கள் ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள். ரஷ்யாவுக்குள் இருந்தவர்களோடு, எங்கெங்கோ குடியேறிய ரஷ்ய மொழிக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய கொஞ்ச நாளில், ரஷ்ய அரசு ஃபேஸ்புக்கை நாட்டில் முடக்கியது. ஐந்து லட்சம் பேர் வந்துபோன இடத்துக்கு உள்ளூர்க்காரர்களுக்கே நேர் வழி அடைபட்டுவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆன்லைனில் கட்டிய கூடம் நம்முடையது என்று நினைத்துக்கொள்கிறோம், சாவி வேறு யாரிடமோ இருக்கிறது.

இந்த விளையாட்டில் ஒரு கோணலும் இருந்தது, அதையும் நீங்கள் பேச வேண்டும். திரும்பத் திரும்ப வந்த ஓவியங்கள் யாருடையவை? வெர்மீர், டாவின்சி, வான்கோ. உலகம் முழுக்க இருக்கிற மக்கள் ஐரோப்பிய ஓவியங்களுக்குள் போய் நின்றார்கள், ஐரோப்பியர்கள் நம் சிற்றன்னவாசலுக்குள் வந்து நிற்கவில்லை. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. தெளிவான படங்களாக இணையத்தில் கிடந்தவற்றில் பெரும்பங்கு அந்த ஓவியங்கள்தான். ஆனாலும், சமமான கைகுலுக்கல் இது என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

இந்தக் கோணலுக்கு இந்த விளையாட்டுக்குள்ளிருந்தே பதில் சொன்னவர் பீட்டர் பிராத்வெயிட். இங்கிலாந்தில் ஓபரா பாடகர், குடும்பத்தின் வேர் கரீபியன் தீவான பார்படோஸில். ஊரடங்கில் அவருடைய நிகழ்ச்சிகளும் நின்றுபோயின. 2020 ஏப்ரலில் கெட்டியின் அழைப்பைப் பார்த்துவிட்டு அவரும் தொடங்கினார். ஆனால் எல்லாரும் எடுத்த ஓவியங்களை எடுக்கவில்லை. பழைய ஓவியங்களில் கறுப்பின மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடினார். இருந்தார்கள். பல படங்களில் ஓரத்தில், தட்டு ஏந்திக்கொண்டு, எஜமானியின் நாய்க்குப் பக்கத்தில். பலருக்குப் பெயர்கூட எழுதிவைக்கப்படவில்லை. அவர்களில் ஒவ்வொருவராகத் தானே உடுத்தி நின்று, படம் எடுத்துப் போட்டார். அப்படிப் போட்டவை நூற்றைத் தாண்டின. 2023இல் கெட்டியே அதைப் புத்தகமாக வெளியிட்டது.

அந்தப் படங்களில் இரண்டு பொருள் அடிக்கடி வரும். ஒன்று, அவருடைய பாட்டியின் ஒட்டுத்துணிப் போர்வை. இன்னொன்று, 'கூக்கூ' கிண்டும் கட்டை. மக்காச்சோள மாவையும் வெண்டைக்காயையும் சேர்த்துக் கிண்டுகிற பார்படோஸ் உணவு அது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சமையல் வழியாக வந்தது. கட்டை தட்டையாக, நீளமாக, மரத்தில் இருக்கும். அதைப் பார்த்ததும் எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஆச்சி கேப்பைக்களி கிண்டுகிற துடுப்பேதான்! அடி பிடிக்காமல் மாவைப் புரட்ட, கட்டி தட்டாமல் பானைச் சுவரோடு தேய்க்க, அதே தட்டை முனை, அதே நீளம். அவருடைய கையில் அது சில படங்களில் செங்கோலாக நிற்கிறது. ஒரு மக்களின் சமையல் கட்டை, அவர்களை ஓரத்தில் நிறுத்திய ஓவியத்துக்குள் நுழைந்து நடுவில் நிற்கிறது. அந்தக் காலத்தில் நான் பார்த்த ஆன்லைன் கலையில் இதற்கு மேல் ஒன்றைச் சொல்ல மாட்டேன்.

மற்ற உதாரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேர்ந்திசையில் அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கரின் 'விர்ச்சுவல் கொயர்' பெரிய பெயர். 2010இல் 12 நாடுகளிலிருந்து 185 பேரோடு தொடங்கியது. 2020 ஜூலையில் வெளியான 'சிங் ஜென்ட்லி' பாடலில் 129 நாடுகளைச் சேர்ந்த 17,572 பேரின் குரல் இருக்கிறது. ஏன் எல்லாரும் ஜூமில் சேர்ந்து பாடியிருக்கக் கூடாது? முடியாது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம்மிடம் வர ஏறக்குறைய 30 மில்லி நொடி ஆகும். தாமதம் அதைத் தாண்டினால் தாளம் இழுபட ஆரம்பித்துவிடும். வீடியோ அழைப்பில் தாமதம் அதைப்போலப் பல மடங்கு. அதனால் ஒவ்வொருவரும் தனி அறையில், காதில் இயர்போனோடு, வழிகாட்டிப் பதிவைக் கேட்டுக்கொண்டே தன் பகுதியை மட்டும் பாடி அனுப்பினார்கள். ஒட்டவைத்தது எடிட்டர்களின் வேலை. கேட்டால் மனம் கரைகிறது, சந்தேகமே இல்லை. ஆனால் பாடியவர்கள் பாடும்போது ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. இணைப்பு என்று பேசும்போது அந்த வித்தியாசத்தையும் சொல்லுங்கள்.

'ஜெருசலேமா' நடனம் உங்களுக்கே நினைவிருக்கும். தென்னாப்பிரிக்காவின் மாஸ்டர் கேஜி இசையமைத்து, நோம்செபோ சிகோடே சூலு மொழியில் பாடிய பிரார்த்தனை மாதிரியான பாட்டு. 2020 பிப்ரவரியில் அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவில் ஒரு நடனக் குழு, கையில் சாப்பாட்டுத் தட்டோடு, சாப்பிட்டுக்கொண்டே இதற்கு ஆடி வீடியோ போட்டது. அங்கோலாவில் பேசுவது போர்ச்சுகீசிய மொழி. பாட்டின் சொல் புரியாமலே ஆடினார்கள், அவர்களைப் பார்த்து உலகமே ஆடியது. ஆஸ்பத்திரி நர்சுகள், கன்னியாஸ்திரிகள், விமான ஊழியர்கள் என்று எல்லாரும். சுவிட்சர்லாந்து போலீஸ் ஆடிவிட்டுச் சவால் விட, 2021 தொடக்கத்தில் அயர்லாந்து போலீஸ் பதிலுக்கு ஆடியது. தென்னாப்பிரிக்க அதிபர் ராமபோசா 2020 செப்டம்பர் 24 அவர்களுடைய பாரம்பரிய தினம், அன்று எல்லாரும் இதை ஆடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். பிற்பாடு ஜெர்மனியில், உரிமையை வைத்திருந்த இசை நிறுவனம், வீடியோ போட்ட அமைப்புகளிடம் உரிமக் கட்டணம் கேட்டது, ஆஸ்பத்திரிகள் உட்பட. கலைஞருக்குக் காசு போக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு ஆடிய நர்சிடம் கேட்பது என் மனதுக்கு ஒப்பவில்லை.

இதில் வராமல் போனவர்களையும் ஒரு வரி சொல்லுங்கள். என் வகுப்பில் அப்போது பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஸ்மார்ட்போன் கிடையாது. இருந்த வீட்டிலும் அப்பா வேலைக்குப் போனால் போனும் கூடப் போய்விடும். பிள்ளைகளைத் திரும்ப நேரில் பார்த்தபோது இந்தப் படங்களை எல்லாம் தாளில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். களித்துடுப்பு மாதிரி இருக்கிறது என்று அவர்களும்தான் சொன்னார்கள்.

உதாரணம் ஒன்று போதும் என்றால் பிராத்வெயிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் பூண்டிலிருந்து தொடங்குங்கள்.

அந்த நெதர்லாந்துப் பெண்மணியோடு பேச்சு அந்த இரண்டு மூன்று வாரத்தோடு நின்றுபோயிருந்தது. 2022 செப்டம்பரில் ஒருநாள் திடீரென்று ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். அந்தப் பால் ஊற்றும் பெண் ஓவியத்தை ரைக்ஸ்மியூசியம் ஆராய்ச்சிக் கருவிகளால் ஊடுருவிப் பார்த்திருந்தது. வெர்மீர் முதலில் வரைந்து, அப்புறம் தானே வண்ணம் பூசி மறைத்த இரண்டு பொருள்கள் தெரிந்தன. சுவரில் குடுவைகள் தொங்கும் ஒரு மரச்சட்டம் ஒன்று. வலது மூலையில், அந்தக் கால் சூடாக்கும் பெட்டி இருக்கும் பக்கத்தில், ஒரு பிரம்புக்கூடை. அக்காவிடம் படத்தைக் காட்டினேன். நான் கீழே இருந்ததை வாசிப்பதற்கு முன்னாலேயே, "உள்ள தணல் வச்சு மேல பிள்ளைத் துணி போடுற கூடைதானே?" என்றாள்.

செய்தியில் அப்படியேதான் இருந்தது. உள்ளே தணல் கிண்ணம் வைத்த கூடை, பிறந்த குழந்தைக்குக் கதகதப்புக்கும் அதன் துணி காய்வதற்கும்.